வளையும் மென்படலமும் மின்முனைவும்

சமையலறையில் எரிவாயு அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரை அழுத்துகையில் ‘டக்’ என்ற ஒலியுடன் ஒரு பொறி பறக்கிறது. சாதாரண லைட்டரினுள் மின்கலம் ஏதும் இல்லை. வில்சுருளின் விசையால் சிறு சுத்தியல் ஒன்று ஒரு பீங்கான் உருளையை மோதுகிறது. மோதுண்ட பீங்கானின் இரு முனைகளிலும் எதிரெதிர் மின்னூட்டங்கள் தோன்றி, ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் எழுந்து, இடைவெளியைத் தாண்டிப் பாய்கிறது. அழுத்தம் மின்சாரமாகும் இவ்விளைவை 1880இல் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் பிரெஞ்சு நாட்டுச் சகோதரர்கள் கண்டறிந்தனர். பிற்காலத்தில் மேரி கியூரியின் கணவராகவும் கதிரியக்க ஆய்வாளராகவும் உலகம் அறிந்த பியேருக்கு அப்போது வயது 21. குவார்ட்ஸ், டூர்மலின், ரோஷல் உப்பு முதலிய படிகங்களை அவர்கள் அழுத்திப் பார்த்தனர். அழுத்தமின் விளைவு என இன்று பாடநூல்கள் கூறுவது இதனையே.

ஆயினும் எல்லாப் பொருளும் இப்படி அழுத்தத்துக்கு இசைந்து மின்சாரம் தருவதில்லை. சமையல் உப்பின் படிகத்தை எவ்வளவு அழுத்தினாலும் அது ஊமையாகவே இருக்கும். வைரமும் அவ்வாறே, சிலிக்கானும் அவ்வாறே. காரணம் அவற்றின் அணு அமைப்பில் உள்ளது. படிகத்தினுள் ஒரு புள்ளியை மையமாகக் கொண்டு பார்க்கும்போது, ஒருபுறம் உள்ள ஒவ்வோர் அணுவுக்கும் நேர் எதிர்ப்புறத்தில் அதே தொலைவில் அதே வகை அணு அமைந்திருந்தால், அப்படிகம் சமச்சீர் மையம் உடையது என்பர். இத்தகைய படிகத்தைச் சீராக நசுக்கினாலும் இழுத்தாலும் அந்த மையம் கலைவதில்லை. நேர் மின்னூட்டங்களின் நடுவிடமும் எதிர் மின்னூட்டங்களின் நடுவிடமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தியே நிற்கின்றன. அவ்விரு நடுவிடங்களும் விலகினால் மட்டுமே பொருளில் மின்முனைவு உண்டாகும். இயற்கையில் உள்ள 32 படிக வகுப்புகளில் 11 சமச்சீர் மையம் உடையவை. எஞ்சிய 21இல் ஒன்று நீங்கலாக 20 வகுப்புகளே அழுத்தமின் விளைவுக்கு உரியவை.

இவ்வரம்பு தொழில்நுட்பத்துக்கு ஒரு சுமையாகவும் ஆயிற்று. திறன்மிக்க அழுத்தமின் பொருள்கள் சிலவே. அவற்றுள் முதலிடம் பெற்றிருப்பது ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடுப் பீங்கான். மருத்துவமனையின் அல்ட்ராசவுண்ட் கருவியிலும் அச்சுப்பொறியின் மைத் தலையிலும், பெரும்பாலும் நம் லைட்டரிலும் இருப்பது இதுவே. இதன் எடையில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல் ஈயம். மின்னணுக் கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணை 2006இல் நடைமுறைக்கு வந்தபோது, பற்றவைப்பிலிருந்து ஈயத்தை நீக்க முடிந்தது; இப்பீங்கானுக்கோ விதிவிலக்கு அளிக்க வேண்டியதாயிற்று. அதற்கு ஈடான மாற்றுப் பொருள் கைவசம் இல்லை.

இந்நிலையில், அழுத்தினால் ஊமையாக இருக்கும் பொருளை வளைத்தால் என்னவாகும் என்ற வினா எளிய வினாவாகத் தோன்றினாலும் அதன் விடை எளிதன்று.

ஒரு தட்டையான ரப்பர்ப் பட்டையை வளைத்துப் பாருங்கள். வெளிப்புற வளைவில் அது நீள்கிறது, உட்புறத்தில் சுருங்குகிறது, நடுவில் எங்கோ ஓர் அடுக்கு நீளாமலும் சுருங்காமலும் இருக்கிறது. பட்டையின் கீழிருந்து மேல்நோக்கிச் செல்லச் செல்லத் திரிபு படிப்படியாக மாறுகிறது. இம்மாற்றத்தின் வீதத்தைத் திரிபுச் சரிவு எனலாம். சீரான அழுத்தத்தில் இல்லாத ஒன்று இங்கே வந்துவிட்டது. அது திசை. மேல் என்பதும் கீழ் என்பதும் இனி ஒன்றல்ல. படிகம் தன் இயல்பில் எத்துணைச் சமச்சீர் உடையதாயினும், வளைவு அதன் மையத்தைக் கலைத்துவிடுகிறது. ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் என்னும் படிகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு டைட்டானியம் அயனியும் ஆறு ஆக்சிஜன் அயனிகளால் சூழப்பட்ட ஒரு கூட்டினுள் நடுநாயகமாக அமர்ந்திருக்கிறது. வளைக்கும்போது அக்கூட்டின் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகுகிறது. நடுவில் இருக்கும் அயனி தன் இருக்கையிலிருந்து சற்றே நகர்கிறது. உண்மையில் எலெக்ட்ரான் மேகங்களும் உருமாறுவதால், நகர்வின் அளவும் திசையும் பொருளுக்குப் பொருள் வேறுபடும். எனினும் நகர்வு உண்டு என்பதில் ஐயமில்லை. திரிபுச் சரிவினால் எழும் இம்மின்முனைவை ஆய்வாளர் ஃபிளெக்சோ மின்விளைவு என்பர். வளைமின் விளைவு எனத் தமிழில் வழங்குவோம். 32 படிக வகுப்புகளில் எதுவும் இதற்கு விலக்கல்ல. கண்ணாடி போன்ற படிகமற்ற மின்காப்புப் பொருளுக்கும் இது உண்டு.

இவ்வளவு பொதுவான ஒரு பண்பு நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்ததற்கு என்ன காரணம்? சோவியத் ஒன்றியத்தின் மாஷ்கெவிச், தோல்பிகோ ஆகிய இருவரும் 1957இலேயே இத்தகைய விளைவு இருக்கக்கூடும் எனச் சுட்டினர். 1964இல் கோகன் அதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் தந்து, அதன் அளவையும் மதிப்பிட்டார். அவர் கையாண்ட வழி மிக எளியது. எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை இரு அணுக்களுக்கு இடைப்பட்ட தொலைவால் வகுத்தார். கிடைத்த விடை மீட்டருக்கு ஒரு நானோகூலும்பையும் எட்டாத மிகச் சிறு எண். மின்காப்பு மாறிலி மிகுந்த பொருள்களில் இது பன்மடங்கு பெருகும் என்பது உண்மையே. ஆயினும் அன்றைய ஆய்வுக்கூடத்தில் கையாளப்பட்ட தடித்த படிகங்களில் அது அளந்தறிய முடியாத அளவுக்குச் சிறியதாகவே இருந்தது. ‘ஃபிளெக்சோ’ என்ற பெயரும் திண்பொருளுக்கென முதலில் இடப்பட்டதன்று. 1969இல் ராபர்ட் மேயர் நீர்மப் படிகங்களில் இதையொத்த விளைவை முன்மொழிந்தபின், அத்துறையில் வழங்கிய பெயரைத் திண்படிக ஆய்வாளர் பின்னர் இரவல் பெற்றுக்கொண்டனர்.

எண்களைக் கொண்டு பார்த்தால் நிலைமை தெளிவாகும். ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டின் வளைமின் கெழுவை மீட்டருக்கு 5 நானோகூலும் எனக் கொள்வோம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பாவ்லோ சுப்கோ, குஸ்தாவ் காத்தலான் முதலியோர் 2007இல் ஒற்றைப் படிகத்தை வளைத்து அளந்தபோது கிடைத்ததும் சில நானோகூலும் அளவே. 1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு பீங்கான் தகட்டை, அதன் பரப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு நீளும்வரை வளைக்கிறோம். அதற்குமேல் வளைத்தால் அது உடைந்துவிடலாம். அப்போது வளைவின் ஆரம் 50 சென்டிமீட்டர். திரிபுச் சரிவு மீட்டருக்கு 2. இதனால் எழும் மின்முனைவு, படிகத்தின் பத்துக் கோடி அலகுக்கூடுகளுக்கு ஓர் எலெக்ட்ரானின் மின்னூட்டம் என்ற விகிதத்தில்தான் பரப்பில் வெளிப்படும். இனி 10 நானோமீட்டர் தடிமன் உள்ள மென்படலத்தை எடுத்துக்கொள்வோம். மெல்லிய பொருள் உடையாமல் கூடுதலாகத் தாங்கும். ஆகவே நூற்றில் ஒரு பங்கு திரிபு வரை வளைக்கலாம். வளைவின் ஆரம் 500 நானோமீட்டர். திரிபுச் சரிவு மீட்டருக்கு 20 இலட்சம். மின்முனைவும் அதே பத்து இலட்சம் மடங்கு உயர்ந்து, ஏறத்தாழ நூறு அலகுக்கூடுகளுக்கு ஓர் எலெக்ட்ரான் என ஆகிறது. நிலையான மின்முனைவுக்குப் பெயர்பெற்ற பேரியம் டைட்டனேட்டின் இயல்பான மதிப்பில் இது இருபத்தைந்தில் ஒரு பங்கு. பொருள் அதுவே, கெழுவும் அதுவே. தடிமன் குறைந்தது மட்டுமே வேறுபாடு. அறிவியலுலகம் இவ்விளைவைக் கண்டுகொள்ளாதிருந்ததற்கும், மென்படலங்களை வளர்க்கும் கலை தேர்ந்தபின் அதைத் தேடி வந்ததற்கும் காரணம் இதுதான்.

மென்படலத்தில் திரிபுச் சரிவை உண்டாக்க அதைக் கையால் வளைக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு படிகத்தின்மேல் வேறொரு படிகத்தை அடுக்கடுக்காக வளர்க்கும்போது, இரண்டின் அணு இடைவெளிகளும் சற்றே மாறுபட்டால், அடித்தளத்தை ஒட்டிய அடுக்குகள் இறுகியும் மேலடுக்குகள் தளர்ந்தும் அமைகின்றன. பத்து நானோமீட்டருக்குள் ஒரு விழுக்காடு திரிபு தளர்ந்தாலே சரிவு மீட்டருக்கு பத்து இலட்சம் ஆகிவிடுகிறது. வளைக்காமலேயே வளைந்ததன் விளைவு! நினைவகச் சில்லுகளுக்காக இத்தகைய படலங்களை உருவாக்கியோர், தம் படலங்கள் ஒரு திசை முனைவை மட்டும் விரும்பி மறுதிசையை மறுப்பதைக் கண்டு வருந்தியதுண்டு. அப்பிடிவாதத்துக்கான காரணங்களுள் இந்தச் சரிவும் ஒன்று எனப் பின்னரே புரிந்தது.

2012இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் அலெக்சி குரூவர்மனும் அவர் குழுவினரும் வெளியிட்ட சோதனை இத்துறையில் பெரிதும் பேசப்பட்டது. 5 நானோமீட்டருக்கும் குறைவான தடிமன் உடைய பேரியம் டைட்டனேட் படலத்தின்மீது, அணுவிசை நுண்ணோக்கியின் ஊசிமுனையை வைத்து அழுத்தினர். ஊசிக்கு மின்னழுத்தம் ஏதும் தரப்படவில்லை. முனை அழுந்திய இடத்தில் மட்டும் படலத்தின் மின்முனைவு மேலிருந்து கீழாகத் திரும்பிற்று. ஓலையில் எழுத்தாணி கீறுவதைப் போல, அழுத்தம் ஒன்றினாலேயே மின்முனைவை எழுதிவிட்டனர். ஓலைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு: இங்கே பரப்பில் பள்ளம் நிலைப்பதில்லை, ஊசியை எடுத்தபின்னும் நிலைப்பது முனைவின் திசை மட்டுமே. கூரிய முனையின் அடியில் திரிபு மிகச் சிறிய தொலைவுக்குள் மிகுந்து குறைவதால், அங்கு எழும் சரிவு முனைவைப் புரட்டும் அளவுக்குப் பெரிது. இத்தகைய சோதனைகளில் ஊசியின் அடியில் பரப்பு அயனிகளின் வேதிமாற்றமும் பங்கு பெறக்கூடும் என எச்சரிப்போரும் உளர். அவ்வெச்சரிக்கை புறந்தள்ளத் தக்கதன்று.

அடித்தளத்தோடு ஒட்டியிருக்கும் படலத்தை உண்மையாகவே வளைக்க வேண்டுமாயின் அதை உரித்தெடுக்க வேண்டும். சில அணு அடுக்குகளே கொண்ட பீங்கானைக் கிழியாமல் உரிப்பது எங்ஙனம்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹரால்டு ஹுவாங் குழுவினர் 2016இல் ஒரு வழி காட்டினர். அடித்தளத்துக்கும் படலத்துக்கும் நடுவே தண்ணீரில் கரையும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் அடுக்கு ஒன்றை வளர்த்தனர். தண்ணீரில் இட்டதும் நடு அடுக்கு கரைந்துபோக, மேற்படலம் தனியே விடுபட்டது. இவ்வாறு பெற்ற தனிப்படலங்களின் நடத்தை வியப்புக்குரியது. தேநீர்க் கோப்பையாக இருந்தால் தரையில் விழுந்து சிதறும் இனத்தைச் சேர்ந்த பொருள்தான் பேரியம் டைட்டனேட். அதன் ஒற்றைப் படிகப் படலத்தைச் சீனாவின் சியான் ஜியாவோதோங் பல்கலைக்கழகத்தார் 2019இல் ஏறத்தாழ 180 பாகை வரை மடித்துக் காட்டினர். பரப்புத் திரிபு 10 விழுக்காட்டை எட்டியும் அது முறியவில்லை. விட்டதும் பழைய வடிவுக்குத் திரும்பிற்று. மடிப்பின் ஊடே மின்முனைவுகள் படிப்படியாகத் திசை திரும்பி, வளைவின் கடுமையைப் பகிர்ந்துகொண்டன என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இத்தகைய செய்திகளைப் படிப்போர், நடக்கும்போது சட்டைத்துணி வளைவதைக் கொண்டே கைப்பேசிக்கு மின்னேற்றலாம் என்ற கற்பனைக்கு எளிதில் சென்றுவிடுகின்றனர். அங்கே சற்று நின்று கணக்குப் பார்ப்பது நல்லது. மேலே கண்ட 1 மில்லிமீட்டர்த் தகட்டின் இருபுறத்துக்கும் இடையே எழும் மின்னழுத்தம் ஏறத்தாழ 4 மில்லிவோல்ட். 10 நானோமீட்டர்ப் படலத்திலோ சுமார் 40 மில்லிவோல்ட். திரிபுச் சரிவு பத்து இலட்சம் மடங்கு உயர்ந்தும் மின்னழுத்தம் பத்து மடங்குதான் உயர்ந்தது. அந்தப் பத்தும் படலம் கூடுதல் திரிபைத் தாங்கியதால் வந்தது. மின்புலம் சரிவுக்கு ஏற்பப் பெருகினாலும், அதைப் பெருக்க வேண்டிய தடிமன் அதே அளவில் குறைந்துவிடுகிறதல்லவா! ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பு முழுவதையும் அவ்வளவு கடுமையாக ஒருமுறை வளைத்தால் தேறும் ஆற்றல் ஏறத்தாழ 20 நானோஜூல். ஒரு குவார்ட்ஸ் கைக்கடிகாரம் ஓட நொடிக்குச் சில மைக்ரோஜூல் வேண்டும். அதற்கே படலத்தை நொடிக்கு நூறு முறைக்குமேல் வளைக்க வேண்டியிருக்கும். ஆகவே வளைமின் விளைவின் வலிமையை மின்னுற்பத்தியில் தேடுவது வீண் என்பது என் கருத்து. மிகச் சிறிய இடத்தில் மிகப் பெரிய மின்புலத்தை உண்டாக்குவதே அதன் வலிமை. நுண்ணிய பொருளை உணர்வதும் அசைப்பதுமே அதற்கு உரிய பணிகள்.

அசைப்பது என்றதும் எதிர்விளைவை நினைவுகூர வேண்டும். வளைத்தால் மின்முனைவு எழுமாயின், மின்னழுத்தம் தந்தால் படலம் வளைய வேண்டும். லெனின்கிராடில் புர்சியனும் சைகோவ்ஸ்கியும் 1968இல் பேரியம் டைட்டனேட் படலத்தில் இதைக் கண்டனர். பல்லாண்டுகள் கழித்து, 2016இல், உமேஷ் பாஸ்கர், காத்தலான் முதலியோர் சிலிக்கான் மீது ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டால் ஒரு நுண்ணிய நெம்புதண்டு அமைத்தனர். ஒருமுனை பிணைக்கப்பட்டு மறுமுனை தொங்கும் அத்தண்டு, மின்புலத்துக்கு வளைந்த அளவு, ஈயம் கலந்த சிறந்த அழுத்தமின் தண்டுகளின் அளவோடு ஒப்பிடத் தக்கதாக இருந்தது. அழுத்தமின் விளைவே இல்லாத, ஈயம் அற்ற, சிலிக்கான் சில்லோடு இசைந்து வளரும் ஒரு பொருள்! ஈயத்துக்கு மாற்றுத் தேடுவோர்க்கு இது கவர்ச்சியான வழிதான். ஆயினும் இவ்வழி நுண்ணிய கருவிகளுக்கே திறந்திருக்கிறது. லைட்டரின் உருளையை இது மாற்றாது.

கணக்குக்கும் சோதனைக்கும் இடையிலான பிணக்கு ஒன்றும் இங்கு உண்டு. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வென்ஹுவி மாவும் எரிக் கிராஸும் பல பீங்கான்களை வளைத்து அளந்தனர். இவ்விளைவின்பால் உலகின் கவனத்தை மீட்டவர்கள் அவர்களே. பேரியம் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டில் அவர்கள் பெற்ற கெழு மீட்டருக்கு 100 மைக்ரோகூலும். கோட்பாடு ஏற்கும் உச்சத்தையும் பன்மடங்கு விஞ்சிய எண் இது. ‘மாபெரும் வளைமின் விளைவு’ என்ற சொற்றொடர் ஆய்விதழ்களில் பெருகிற்று. பின்னர் 2015இல் பியான்கோலி, தமியானோவிச் முதலியோர், சமச்சீர் உடையன எனக் கருதப்பட்ட இத்தகைய பீங்கான்கள் உண்மையில் அவ்வாறு இல்லை எனக் காட்டினர். பீங்கானைச் சுட்டெடுக்கும் முறையிலேயே அதனுள் மெல்லிய ஒருதிசைச் சாய்வு படிந்துவிடுகிறது. வளைக்கும்போது மறைந்திருந்த அழுத்தமின் விளைவும் சேர்ந்து வெளிப்படுகிறது. அளவியில் தோன்றும் எண் ஒன்றுதான். அதன் எப்பங்கு வளைவினுடையது, எப்பங்கு பீங்கானின் பழைய சாய்வினுடையது என்பதை அவ்வெண் தானாகச் சொல்வதில்லை.

மனிதர் ஆய்வுக்கூடத்தில் படலங்களை வளர்ப்பதற்கு முன்பே இயற்கை அவற்றை வளைத்து வந்திருக்கிறது. நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வின் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர். அது வளையும்போதும் மின்முனைவு எழுகிறது. பல்கேரியாவின் அலெக்சாந்தர் பெத்ரோவ் 1970களிலிருந்து இதனை ஆராய்ந்து வந்தார். எலும்பின் நிலை இன்னும் சுவையானது. எலும்பு அழுத்தமின் பொருள் என்பதை 1957இல் ஜப்பானின் ஃபுகாடாவும் யசுடாவும் நிறுவினர்; அதில் உள்ள கொலாஜன் புரதமே காரணம் எனக் கொள்ளப்பட்டது. 2018இல் காத்தலான் குழுவினர் எலும்பையும், அதன் கனிமப் பகுதியை மட்டும் கொண்ட பீங்கானையும் வளைத்து அளந்தபோது, இரண்டின் வளைமின் கெழுவும் ஒத்திருந்தன. எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு ஏற்படும்போது, வெடிப்பின் நுனியில் திரிபுச் சரிவு மிகக் கடுமையாக இருக்கும். அங்கு எழும் மின்புலம் அண்டையிலுள்ள எலும்புச் செல்களுக்குச் செய்தியாகி, பழுதுபார்ப்பைத் தொடங்கி வைக்கக்கூடும் என்பது அவர்கள் கணிப்பு.

பனிக்கட்டியும் இவ்வரிசையில் சேர்ந்துவிட்டது. நீர் மூலக்கூறு ஒவ்வொன்றும் மின் இருமுனை ஆயினும், சாதாரண பனிக்கட்டியில் அவற்றின் திசைகள் ஒழுங்கின்றிக் கலந்திருப்பதால் அதற்கு அழுத்தமின் விளைவு இல்லை. ஆனால் இடிமேகங்களில் பனித்துகள்கள் மோதிக்கொள்ளும்போது மின்னூட்டம் பிரிகிறது. எப்படி? 2025இல் பார்சிலோனா, சியான், நியூயார்க் ஆய்வாளர் கூட்டாக வெளியிட்ட சோதனையில், உலோகத் தகடுகளுக்கு இடையே உறைந்த பனிப்பாளத்தை வளைத்ததும் மின்னூட்டம் பதிவாயிற்று. அதன் அளவு பனித்துகள் மோதல்களில் முன்பு அளக்கப்பட்ட மதிப்புகளோடு பொருந்திற்று. மின்னலுக்கு இது ஒன்றே காரணம் என அவர்கள் கூறவில்லை. காரணங்களுள் ஒன்றாக இருக்கலாம் என்றே கூறினர்.

மென்படலத்துக்குத் திரும்பினால், இத்துறையின் மிகக் கடினமான முடிச்சு அங்கேதான் இருக்கிறது. வளைக்கும்போது படலத்தின் உட்பகுதி மட்டுமா முனைவுறுகிறது? பரப்பில் உள்ள அணுக்களுக்கு ஒருபுறம் மட்டுமே அண்டை அணுக்கள் உண்டு; அவற்றுக்குச் சமச்சீர் மையம் எப்போதுமே கிடையாது. ஆகவே ஒவ்வொரு பரப்பும் அழுத்தமின் விளைவுள்ள ஒரு தோல். படலம் வளையும்போது மேல்தோல் நீள, கீழ்த்தோல் சுருங்க, இரண்டும் தரும் பங்கு உட்பகுதியின் பங்கோடு கூடியோ அதை எதிர்த்தோ வெளிப்படும். படலத்தைத் தடிமனாக்கினால் பரப்பின் பங்கு மங்கிவிடும் என நாம் எதிர்பார்ப்போம். அவ்வாறு ஆவதில்லை, எவ்வளவு தடிமனிலும் அதன் விகிதம் மாறாது நிற்கிறது. பார்சிலோனாவின் மாசிமிலியானோ ஸ்டெங்கல் கணித்தபடி, ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் படலத்தின் கடைசி அணு அடுக்கு ஸ்ட்ரான்சியம் ஆக்சைடாக முடிகிறதா, டைட்டானியம் ஆக்சைடாக முடிகிறதா என்பதைப் பொறுத்து, வெளியே அளக்கப்படும் மின்னழுத்தத்தின் குறி நேரிலிருந்து எதிராகவே மாறிவிடக்கூடும். பத்து அணு அடுக்குகளே கொண்ட ஒரு படலத்தில் தோல் எது, உள் எது என எல்லை வகுப்பது எப்படி என்பதில் கோட்பாட்டாளரும் சோதனையாளரும் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.